யார் பெயரில் உள்ளே போனாய்?

குளியலறைக் கதவைத் தட்டி, "கெர்பரோஸ்ல மொத்தம் எத்தனை டிக்கெட்?" என்று கேட்கும் கணவர் வேறு யாருக்காவது வாய்த்திருப்பாரா, தெரியாது. அண்ணிக்கு வாய்த்திருந்தார்.

"ரெண்டு!" தண்ணீர்ச் சத்தத்தோடு உள்ளேயிருந்து பதில் வந்தது. "கம்ப்யூட்டர்கிட்ட முதல்ல நான் இன்னார்தான்னு நிரூபிச்சு ஒரு டிக்கெட் வாங்கணும். அதைக் காட்டித்தான் போக வேண்டிய இடத்துக்கு அடுத்த டிக்கெட் வாங்கணும். இப்ப நிம்மதியா குளிக்க விடறீங்களா?"

"என் பஸ்ல ஒரு டிக்கெட்தான். அதை எடுக்க வைக்கறதுக்கே கண்டக்டருக்குத் தொண்டைத் தண்ணி வத்திப் போகுது" என்று முணுமுணுத்தபடி அவர் அடுத்த அறைக் கதவைத் தட்டப் போனார். அங்கே அவருடைய தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். "டேய் சின்னவனே! எழுந்திரு. உனக்கு ஒரு கேள்வி. எல்.டி.ஏ.பி.னா என்ன?"

"டெலிபோன் டைரக்டரி மாதிரி, அண்ணே. யார் யார் இருக்காங்கன்னு எழுதி வெச்சிருக்கற இடம். போய்ப் படுங்க."

மனைவிக்கு ஒரு கேள்வி, தம்பிக்கு ஒரு கேள்வி. தராசு முள் அசையாமல் நடுவில் நிற்க வேண்டும். போன வாரம் சாப்பாட்டு மேசையில் உண்மை வெளிப்பட்டதிலிருந்து அந்த வீட்டின் பஸ் டிரைவர் பிடித்துக்கொண்ட கொள்கை இதுதான்.

அந்த உண்மை இவ்வளவே: அண்ணியும் கொழுந்தனும் ஒரே தேர்வுக்கு, ஒரே மையத்தில், ஒரே நாளுக்குப் பதிவு செய்திருந்தார்கள். ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொள்ளாமல். இருவரும் குறி வைத்ததும் ஒரே வேலையை.

அண்ணி என்பது அவள் பெயரல்ல. அவள் ஆஸ்பத்திரியில் அடையாள அட்டை வழங்கும் கவுண்டரில் இருப்பவள். சின்னவன் அங்கேயே கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்த அன்று, நீண்ட வரிசையின் கடைசியில் நின்றுகொண்டு, "அண்ணி! என் கார்டு ரெடியா?" என்று கூவினான். அன்றிலிருந்து பெரிய டாக்டர் முதல் வார்டு கூட்டுபவர் வரை எல்லாருக்கும் அவள் அண்ணிதான்.

அந்தக் கவுண்டரை மூடப் போகிறார்கள். இனி வாசலில் வைக்கப்போகும் இயந்திரமே அட்டைகளை அச்சிட்டுத் துப்பிவிடும். அண்ணிக்குச் சலவைக் கிடங்கில் இடம் தயார். போர்வை எண்ணும் வேலை.

அதே சமயத்தில்தான் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பிரிவில் ஒரு நிரந்தர இடம் காலியானது. சான்றிதழ் தேர்வில் தேறினால், ஆஸ்பத்திரியில் எந்தப் பிரிவில் இருப்பவரும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு, எப்போது வெளியே அனுப்புவார்களோ என்று திரிசங்கு போலத் தொங்கிக்கொண்டிருந்த சின்னவனுக்கும் அந்த இடம் தேவைதான்.

ஆனால் நாற்காலி ஒன்று. ஆட்கள் இரண்டு.

*

கணவர் டிப்போவுக்குக் கிளம்பிப் போன பிறகு, அண்ணி சமையலறையில் நின்றபடியே டீ குடித்துக்கொண்டு கடைசி முறையாகப் புத்தகத்தைப் புரட்டினாள். அடையாளம் சரிபார்க்கும் சேவைகள் பற்றிய பாடம் அது. ஓர் ஆளை வலையமைப்புக்குள் விடலாமா, வேண்டாமா என்று கணினிகள் எப்படி முடிவெடுக்கின்றன என்பதைச் சொல்லும் பாடம். ஆரம்பத்தில் அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தைத் தூக்கி எறிந்திருக்கிறாள். எறிந்ததை அவளே போய் எடுத்தும் வந்திருக்கிறாள். அட்டை கிழிந்து, பசை நாடா ஒட்டி, இப்போது அந்தப் பக்கம்தான் தானாக விரிகிறது.

ரேடியஸ், டக்காக்ஸ் என்ற இரண்டு சரிபார்ப்பு முறைகளுக்கும் உள்ள வித்தியாசம் மண்டையில் ஏறாமல் தவித்தபோது வழி சொன்னது கணவர்தான். "ரேடியஸ் பாஸ்வேர்டை மட்டும் மறைக்கும், டக்காக்ஸ் உள்ள இருக்கறது முழுக்க மறைக்கும். அவ்வளவுதானே? ஒண்ணு முகத்தை மூடற கைக்குட்டை, ஒண்ணு உடம்பையே மூடற போர்வை." அதற்குப் பிறகு அது மறக்கவே இல்லை.

"அண்ணி."

சின்னவன் வாசற்படியில் நின்றிருந்தான். கையில் கைப்பேசி. முகத்தில் தூக்கம் இல்லை. தூங்கியதற்கான அடையாளமும் இல்லை.

"இதைக் கொஞ்சம் பாருங்க."

"என்ன அது?"

"கேள்விங்க. இன்னைக்கு வரப்போறது. என்கூடப் படிச்சவன் ஒருத்தன் அனுப்பினான். போன மாசம் எழுதினவங்களுக்கு அப்படியே வந்திருக்கு. விடையோட இருக்கு."

அண்ணி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். கைப்பேசியின் திரை அவள் பக்கம் நீண்டது. ஒரு வரி கண்ணில் படுவதற்குள் அதைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"நீ பார்த்துட்டியா?"

"பார்த்துட்டேன். நான் மட்டும் பார்த்துட்டு வந்தா தப்பா இருக்கும்ல? அதான் உங்களுக்கும்... ரெண்டு பேரும் சமமா போயிடலாம்."

அவன் வில்லன் இல்லை. அதுதான் அண்ணிக்குச் சங்கடமாக இருந்தது. வீட்டு மொட்டை மாடியில் பழைய கருவிகளை இணைத்து வைத்து, எதற்கென்று கேட்காமல் பொறுமையாக அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான்.

"தம்பி, இதைப் படிச்சு நான் பாஸ் பண்ணிட்டேன்னு வெச்சுக்க. அப்புறம் ஒரு நாள் ஆபரேஷன் தியேட்டர்ல கம்ப்யூட்டர் உள்ளயே விடலைன்னு போன் பண்ணுவாங்க. அப்ப உன் கூட்டாளிக்கா போன் பண்ணி விடை கேப்பேன்?"

"எல்லாரும் இப்படித்தான் அண்ணி பண்றாங்க."

"பண்ணட்டும். நான் சலவைக் கிடங்குக்குப் போனாலும் போவேன். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டு ஒரு நாற்காலில உட்கார மாட்டேன். உட்கார்ந்தா முள்ளு மேல உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும்."

அவன் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டான். "நீங்க ஃபெயில் ஆயிட்டா, உங்க இடத்தை நான் பிடுங்கினேன்னு ஆயிடும். அண்ணன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"நான் ஃபெயில் ஆவேன்னு உனக்கு யார் சொன்னது?" என்றாள் அண்ணி. "போ, முகத்தைக் கழுவிட்டு வா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

*

அவர்கள் ஏறியது அவருடைய பஸ்தான். இருவரும் நெருங்கியதும் கதவு திறந்தது. டிரைவர் இருக்கையிலிருந்து கணவர் மனைவியைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். இருவரையும் ஒரே அளவு நேரம் பார்த்தார்.

"எண்ணூத்தி ரெண்டு புள்ளி ஒண்ணு எக்ஸ்" என்றார் சிவப்பு விளக்கில் நின்றபோது, திரும்பாமலே. "அதுல வாசல்ல நிக்கறது யாரு?"

"சுவிட்ச்சு! இல்லன்னா வைஃபை பெட்டி!" என்று பதில் சொன்னது அண்ணி அல்ல. முன் இருக்கையில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள். "தினமும் இதே பாட்டைத்தானே கேட்டுக்கிட்டு வர்றோம்? உள்ள விடறதா வேணாமான்னு அது தானா முடிவு பண்ணாது. பின்னாடி ஒரு பெரிய ஆளைக் கேட்டுத்தான் விடும். சரிதானே டிரைவரே?"

பஸ்ஸே சிரித்தது. அண்ணியும் சிரித்தாள்.

அப்போதுதான் சின்னவனின் கைப்பேசி அடித்தது.

பேசியது குழந்தைகள் வார்டு நர்ஸ். பஸ்ஸின் இரைச்சலை மீறி அவள் குரல் அண்ணிக்கும் கேட்டது. நர்சுகள் கையில் வைத்திருக்கும் கருவி எதுவும் உள்ளே நுழைய மறுக்கிறது. சரியான பாஸ்வேர்டைத்தான் போடுகிறார்கள். நேற்று இரவுப் பணிக்காரர்களுக்கு வேலை செய்தது, காலைப் பணிக்கு வந்தவர்களுக்கு இல்லை. எந்தக் குழந்தைக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஓடி ஓடிப் பழைய காகிதங்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம், யாராவது வாருங்கள்.

சின்னவனின் முகம் வெளுத்தது. "பார்க்கச் சொல்றேன் சிஸ்டர்" என்று சொல்லிக் கைப்பேசியை அணைத்தான்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல அண்ணி."

"தம்பி."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நேத்து சாயங்காலம் ரேடியஸ் சர்வர்ல ரகசியச் சொல்லை மாத்தினேன். வைஃபை பெட்டியும் சர்வரும் ஒண்ணையொண்ணு நம்பறதுக்காகத் தங்களுக்குள்ள வெச்சிருக்குமே, அது. எல்லாக் கட்டடத்துப் பெட்டியிலயும் மாத்தணும். பரீட்சைக்குப் படிக்கணும்னு அவசரத்துல... குழந்தைகள் வார்டு கட்டடத்தை விட்டுட்டேன்னு நினைக்கிறேன். ஏற்கெனவே உள்ள இருந்த கருவிக்கெல்லாம் ராத்திரி பிரச்சினை வரலை. காலைல புதுசா நுழையறப்பதான் வந்திருக்கு."

"உங்க பிரிவு மேடம்?"

"ஊருக்குப் போயிட்டு வர்றாங்க. விமானத்துல இருக்காங்க. பிரிவுல இருக்கறது நேத்து சேர்ந்த பையன் மட்டும்தான். அவனுக்கு இன்னும் சர்வருக்குள்ள போற அனுமதியே வரலை."

"புதுச் சொல் வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்."

அண்ணி போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. போ என்றால், போட்டியாளனை வழியிலேயே இறக்கிவிட்டவள் ஆகிவிடுவாள். இரு என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவன் எழுந்தான். மணியை அழுத்தினான்.

"டேய், மையம் இன்னும் வரலை!" என்றார் டிரைவர் கண்ணாடியைப் பார்த்தபடி.

"தெரியும் அண்ணே. இங்கயே நிறுத்துங்க."

நிறுத்தத்தில் கதவு திறந்தது. இறங்குவதற்கு முன் அவன் அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். "நல்லா எழுதுங்க" என்றான். எதிர்ச்சாரிக்கு ஓடினான். கதவு மூடவில்லை. பின்னாலிருந்த வண்டிகள் ஒலி எழுப்பின. கணவர் கண்ணாடியில் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் எழுதலையா?"

"வண்டியை எடுங்க" என்றாள் அண்ணி. "நான் எழுதணும்."

*

தேர்வு மையத்தின் வாசலில் இருந்த பெண் அண்ணியின் அடையாள அட்டையை வாங்கி, படத்தைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, மறுபடி படத்தைப் பார்த்தாள். இதே வேலையை இத்தனை காலம் செய்தவள் என்பதால் அண்ணிக்கு அந்தப் பெண்மேல் மரியாதை வந்தது. சரியாகச் செய்கிறாள் என்று தோன்றியது. கைக்கடிகாரம், பை, கைப்பேசி எல்லாம் அலமாரிக்குள் போயின.

முதல் கேள்விகள் அவளுக்கு வழி விட்டன. அடுத்து வந்தவை வழி மறித்தன. ஒன்றைப் படிக்கும்போதே, குழந்தைகள் வார்டில் என்ன நடக்கிறதோ என்று மனம் ஓடியது. மருந்து மாறிப்போய்விட்டால்? அவன் அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்திருப்பானா? திரையில் எழுத்துகள் கலங்கின.

அவள் கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டாள். அவன் அவன் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறான். என் வேலை இந்த நாற்காலியில். இங்கே உட்கார்ந்து கலங்கினால் அங்கே ஒரு குழந்தைக்கும் மருந்து போய்ச் சேராது.

கேள்வியை மறுபடி படித்தாள். ஒரு கிளை அலுவலகத்தில் யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. பாஸ்வேர்டு சரி. சர்வர் நலம். வலையமைப்பில் துண்டிப்பு இல்லை. கெர்பரோஸ் எல்லாரையும் திருப்பி அனுப்புகிறது. காரணம் என்ன?

நான்கு விடைகளும் உண்மை போலவே பல்லைக் காட்டின. அவற்றைப் பார்க்காமல் தானாக யோசித்தாள். டிக்கெட்டில் என்ன இருக்கும்? பெயர் இருக்கும். போகும் இடம் இருக்கும். அப்புறம்? எத்தனை மணி வரை செல்லும் என்று இருக்கும். அப்படியென்றால் கொடுப்பவன் கடிகாரமும் வாங்குபவன் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டுமே! கிளையில் கடிகாரம் பின்தங்கியிருந்தால்? நல்ல டிக்கெட்டும் செல்லாத டிக்கெட்.

'நேர வித்தியாசம்' என்ற விடையை அழுத்தினாள். அதற்குப் பிறகு அவள் நிமிர்ந்து உட்கார்ந்த விதமே வேறு. தெரியாததைக் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிப் போனாள். திரும்பி வந்து ஒவ்வொன்றோடும் மல்லுக்கு நின்றாள். பக்கத்து மேசைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவள் எழவில்லை. நேரம் முடியும் வரை ஒரு நிமிடத்தையும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசியில் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அது நின்றது.

தேர்ச்சி.

அண்ணி சத்தம் போடவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் ஊன்றி, அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்தது என்று எல்லாரும் சொன்ன பெண் அவள்.

*

அலமாரியிலிருந்து எடுத்த கைப்பேசியில் தவறிய அழைப்புகள் குவிந்திருந்தன. எல்லாமே ஒரே எண். கம்ப்யூட்டர் பிரிவின் தலைவி, சின்னவன் 'மேடம்' என்று சொல்லும் அந்த அம்மாள்.

வாழ்த்துச் சொல்லத்தான் இருக்கும் என்று நினைத்து அண்ணி உற்சாகமாகவே அழைத்தாள்.

"விமானத்துல இருந்து இறங்கினதுமே சர்வர்ல இருந்து எச்சரிக்கை வந்து கிடந்துச்சு, அப்பலருந்து கூப்பிடறேன்" என்றது எதிர்க்குரல். அதில் வாழ்த்து எதுவும் இல்லை. "நம்ம முக்கிய சர்வருக்குள்ள போற அனுமதி உங்களுக்கு யார் கொடுத்தது?"

"எனக்கா? நான் கார்டு கவுண்டர்ங்க மேடம்."

"அதான் கேக்கறேன். இன்னைக்குக் காலைல உங்க பேர்ல ஒரு ஆள் நிர்வாகியா உள்ள போயிருக்காங்க. ரகசியச் சொல்லை எடுத்துப் பார்த்திருக்காங்க, மாத்தியிருக்காங்க. உள்ள போனவங்க செஞ்ச ஒவ்வொண்ணும் பதிவாகியிருக்கு. நாளைக்குக் காலைல என் அறைக்கு வாங்க. அந்தப் பாதுகாப்பு வேலைக்கு நீங்க விண்ணப்பிச்சிருக்கீங்கன்னு வேற சொன்னாங்க." கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனை வைத்துவிட்டாள்.

அண்ணி கிடைத்த பஸ்ஸில் ஏறி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

குழந்தைகள் வார்டுக்கு வெளியே சின்னவன் ஒரு பெஞ்சில் சுவரில் தலை சாய்த்துக் கிடந்தான். சட்டையெல்லாம் தூசி, கூரைப் பலகையைத் திறந்து பெட்டியைத் தேடியிருக்கிறான். உள்ளிருந்து வந்த நர்ஸ் அண்ணியைப் பார்த்ததும், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு அண்ணி! உங்க கொழுந்தன் மட்டும் வரலைன்னா..." என்று கைகூப்பிவிட்டு ஓடினாள்.

"பாஸா?" என்றான் சின்னவன் கண்ணைத் திறந்து.

"பாஸ்."

அவன் முகம் மலர்ந்தது. அது பொய் மலர்ச்சி இல்லை. அண்ணியின் முகம் மலராததைக் கண்டு அது மெல்ல அணைந்தது.

"என் பேர்ல எப்படி உள்ள போனே?"

அவன் எழுந்து நின்றான். சுற்றி வளைக்கவில்லை. "வந்த பதட்டத்துல என் பாஸ்வேர்டைத் தப்புத் தப்பா போட்டுட்டேன். என் கணக்கு பூட்டிக்கிச்சு. மேடம்தான் திறக்கணும். அவங்க வானத்துல. உள்ள குழந்தைங்க... உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தப்ப, பழகறதுக்கு ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தேன்ல? அது பயிற்சி சர்வர்னு சொன்னேன். பயிற்சி சர்வர் அப்ப ரிப்பேர். நிஜ சர்வர்லயே போட்டுட்டேன். அப்புறம் அழிக்க மறந்துட்டேன்."

"இத்தனை மாசமா என் பேர்ல ஒரு சாவி உள்ள தொங்கிக்கிட்டு இருந்திருக்கு. எனக்கே தெரியாம."

"அண்ணி, நாளைக்கு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவசரத்துக்கு நீங்கதான் பாஸ்வேர்டு கொடுத்தீங்கன்னு சொல்லிடுங்க. குழந்தைங்களுக்காகன்னா யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. நிஜத்தைச் சொன்னா என் ஒப்பந்தம் அன்னைக்கே முடிஞ்சிடும்."

"அந்த நேரத்துல நான் பரீட்சை எழுதிக்கிட்டு இருந்தேன். கைப்பேசி அலமாரில. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியா?"

அவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

அண்ணி அவன் தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டாள். குரல் மட்டும் இறங்கவில்லை. "நீ பஸ்ஸை விட்டு இறங்கினதை நான் பார்த்தேன் தம்பி. அது சின்ன விஷயம் இல்ல. யார் கேட்டாலும் அதைச் சொல்லுவேன். ஆனா மத்ததையும் சொல்லுவேன். நாளைக்குக் காலைல நான் அந்த அறைக்குப் போவேன், கேட்டா உள்ளதை உள்ளபடி சொல்லுவேன். எனக்கு முன்னாடி நீ போயிட்டா, எனக்குச் சொல்ல எதுவும் மிச்சம் இருக்காது."

"மேடம் வந்துட்டாங்களா?"

"விமான நிலையத்துல இருந்து நேரா இங்கதான் வருவாங்க. அவங்க குரலைக் கேட்டாலே தெரியுது."

இருவரும் வாசல் வரை நடந்தார்கள். நிறுத்தத்தில் கணவரின் பஸ் வந்து நின்றது. கதவு திறப்பதற்கு முன்பே அவர் கழுத்தை நீட்டினார்.

"என்ன ஆச்சு?"

"பாஸ்" என்றாள் அண்ணி, படியில் ஏறி.

அவர் ஸ்டீயரிங்கில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். ஹாரன் தெரு முழுக்க அலறியது. "என் பொண்டாட்டி பாஸ்!" என்று பின்னால் திரும்பிக் கத்தினார். பஸ்ஸில் யாரோ கை தட்டினார்கள். பிறகுதான் அவருக்குத் தம்பியின் நினைவு வந்தது. வெளியே எட்டிப் பார்த்தார்.

"டேய், ஏறலையா?"

சின்னவன் ஒரு காலைப் படியில் வைத்திருந்தான். அந்த நேரம் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. பெட்டியை இழுத்துக்கொண்டு மேடம் இறங்கினாள். அவர்கள் பக்கம் பார்க்காமல் விறுவிறுவென்று உள்ளே போனாள்.

சின்னவன் அந்தப் பெட்டியின் சக்கரம் உருள்வதையே பார்த்தான். பிறகு படியிலிருந்த காலை எடுத்தான்.

"நீங்க போங்க அண்ணே" என்றான்.

கதவு மூடியது. பஸ் நகர்ந்தது. அவன் வாசலைப் பார்த்தபடி நின்றான். வண்டி திருப்பத்தை அடையும் வரை அவன் அசையவில்லை.

"அவனுக்கு என்ன ஆச்சு?" என்றார் கணவர்.

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்றாள் அண்ணி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகச் சாலையைப் பார்த்தாள். "முதல்ல அவன் சொல்றானான்னு பார்ப்போம்."